மூழ்கியதாக அறிவிக்கப்பட்ட வீடு

கிரேலிங் பே,
14 ஜனவரி 1963

அன்புள்ள ஹில்யா அத்தைக்கு,

ரித்வா எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், நாய் எல்லோரும் சுகம். நாய் மட்டும் கொஞ்சம் அதிக சுகம். அது பள்ளிக்கூடம் போவதில்லை. அங்கே உங்கள் நுரையீரல்கள் எப்படி இருக்கின்றன? இரண்டையும் தனித்தனியாக விசாரித்ததாகச் சொல்லவும். ஒன்றைக் கேட்டு மற்றதைக் கேட்காவிட்டால் கோபித்துக்கொள்ளும்.

நல்ல செய்தி கைவசம் இல்லை. ஆகவே கெட்டதை உடனே சொல்லிவிடுகிறேன். உங்கள் மரவீட்டைக் கொளுத்தப் போகிறார்கள். விபத்தாக அல்ல, ஏற்பாடாக. மார்ச் கடைசிச் சனிக்கிழமை தீயணைப்புத் தொண்டர்களுக்குப் பயிற்சி. பயிற்சிக்கு ஒரு வீடு எரிய வேண்டுமாம். எரிந்து முடிந்த இடத்தில், பக்கத்துக் கர்லிங் கூடத்தில் பனிமேல் கல் தள்ளி விளையாட வருகிறவர்கள் வண்டி நிறுத்துவார்களாம். படைத் தலைவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தம்பி, எனக்கு அப்பா. அணைக்கச் சம்மதித்துப் பதவிக்கு வந்தவர் பற்றவைக்கச் சம்மதித்திருக்கிறார்.

ஊரே கூடாரத்தில் கிடந்தபோது, சுரங்கக்காரர்களை விரட்டி விரட்டி வேலை வாங்கி நீங்கள் எழுப்பிய முதல் கூரை அது. ரொட்டிக்கடை, ஓட்டுச்சாவடி, ஆஸ்பத்திரி, ஒரே ஒரு நாளைக்கு ஜெயில் என்று எல்லாமாக இருந்த வீடு. அதை வண்டிப்பேட்டை ஆக்க நம் ஊர்சபைத் தலைவர் புருடோமுக்குத்தான் தோன்றும். பெயரிலேயே புருடா வைத்திருக்கிறார்.

சட்டம் நம் பக்கம்தான். நிலம் சுரங்கக் கம்பெனிக்கு; வீடு, புகைக்குழாயில் யார் புகை வருகிறதோ அவருக்கு. நீங்கள் செப்டம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து புகை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆளில்லா வீடு என்கிறார்கள். அதனால் தினமும் பள்ளி விட்டதும் நான் போய் அடுப்பு மூட்டுகிறேன். அப்பாவின் பழைய கோட்டில் வைக்கோல் அடைத்து ஜன்னலோரம் உட்கார்த்தியும் வைத்திருக்கிறேன். நேற்றுத் தலைவர் அதற்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் உங்களைத் தங்கவைக்கலாம் என்கிறாள் அம்மா. நீங்கள் அடுத்தவர் வீட்டில் ஒரு வாரம் தாங்கமாட்டீர்கள், உங்களை ஒரு வாரம் நாங்களும் தாங்கமாட்டோம். நீங்கள் திரும்பி வந்தால் நுழைய உங்கள் கதவு இருக்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் அடுப்புக்காரி,
ரித்வா


எட்மன்டன்,
2 பிப்ரவரி

அன்பு ரித்வாவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலம் என்று அறிந்து நிம்மதி. நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் கட்டில்களைக் காலையில் தாழ்வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். குளிர்ந்த காற்று நல்லதாம். இங்கே குளிர் என்று சொல்வதை நம் ஊரில் வசந்தம் என்போம். பக்கத்துக் கட்டிலில் வடதுருவப் பக்கத்து இனூயிட் இனப் பெண் ஒருத்தி இருக்கிறாள். என் பேச்சு அவளுக்குப் புரியாது, அவள் பேச்சு எனக்குப் புரியாது. நன்றாகப் பழகுகிறோம். அவள் எனக்கு மணி கோக்கக் கற்றுக்கொடுக்கிறாள். நான் அவளுக்குச் சீட்டாட்டத்தில் ஏமாற்றக் கற்றுக்கொடுக்கிறேன். காபி மட்டும் கொடுமை. கோப்பையின் அடி தெரிகிறது.

பள்ளி விட்டால் நேரே வீட்டுக்குப் போ. இருட்டில் சுற்றாதே. கணக்குப் பாடத்தில் கவனம் வை. அப்பாவோடு சண்டை போடாதே. அவனுக்கு எப்போதும் வேலை அதிகம், வார்த்தை குறைவு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். நாயையும்.

அன்புடன்,
ஹில்யா


கிரேலிங் பே,
18 பிப்ரவரி

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். காபி, மணி, சீட்டு, நாய் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. கடிதத்தை விளக்கில் காட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஓரம்தான் கருகியது. மறந்திருப்பீர்கள் என்று விட்டுவிடுகிறேன். இம்முறை மட்டும்.

போன வியாழன் ஊர்சபைக் கூட்டத்துக்குப் போனேன். என்னை உட்காரச் சொல்லவில்லை, அதனால் நின்றுகொண்டே கேட்டேன்.

"தலைவரே, அந்த வீட்டுல புகை வருதே, பாக்கலையா?"

"பாத்தேன் பாப்பா. பள்ளிக்கூடம் விட்டா வருது, சாப்பாட்டு நேரத்துல நின்னுடுது. இது குடித்தனப் புகை இல்ல, விளையாட்டுப் புகை."

"ஜன்னல்ல உக்காந்திருந்தவருக்கு வணக்கமெல்லாம் சொன்னீங்களே?"

கூட்டம் சிரித்தது. தலைவர் காதுவரை சிவந்தார்.

"அந்த வீட்டுக்காகக் கேக்க ஆள் இல்ல. அவ்வளவுதான் விஷயம்."

"எங்க அத்தை இருக்காங்க."

"உங்க அத்தைதான்..." என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் அப்பா பெரிதாக இருமினார். தலைவர் வாயை மூடிக்கொண்டு, "தேதி தேதிதான். அடுத்த விஷயம், குப்பை லாரி" என்றார். அப்பாவுக்கு அப்படி ஓர் இருமல் வந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்குச் சவுனாவில் வெந்நீராவிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வேகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை, எனக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. கம்பெனியின் எல்லை கரையோடு முடிகிறது. ஊர்சபையின் எல்லையும் அங்கேதான். பனியாக உறைந்து கிடக்கும் ஏரி யாருக்கும் சொந்தமில்லை. டிராக்டர் ஓட்டும் நார்பர்ட் மெர்க்ரெடி மாமாவைக் கொட்டகையில் போய்ப் பிடித்தேன்.

"மாமா, ஒரு வீட்டை இழுக்கணும்."

"யாரு வீடு?"

"ஹில்யா அத்தை வீடு."

"எங்க?"

"ஏரிக்கு."

"ஏரில எங்க?"

"நடுவுல."

வாயிலிருந்த புகையிலைச் சுங்கானை எடுத்தார். "மே மாசம் ஏரி என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். மார்ச் மாசம் வீடு என்ன ஆகும்னும் தெரியும்."

சுங்கானை டிராக்டர்மேல் வைத்தார். பிறகு பூட்ஸைக் கழற்றி, காலுறையையும் கழற்றி, பாதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். இரண்டு விரல்கள் இல்லை.

"குளிர்ல கருகிப்போச்சு. உங்கத்தைதான் ரொட்டி உருட்டற மேஜை மேல என்னைப் படுக்கப்போட்டு எடுத்தா. என் உடம்புல ரெண்டு துண்டு அந்த வீட்டுக்குக் கீழதான் புதைஞ்சிருக்கு. அதைக் கொளுத்துவானாமா? நம்ம வேலை முடியறவரைக்கும் வாயத் திறக்காத."

வாயைத் திறக்கவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். எப்போது வருகிறீர்கள்?

ரித்வா


எட்மன்டன்,
11 மார்ச்

அன்பு ரித்வா,

இதை நர்ஸ் எழுதுகிறாள். என் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயப்பட எதுவும் இல்லை. இடது பக்கமாகப் படுத்தால் வலி இல்லை.

வீடு என்பது மரக்கட்டைகள்தான் ரித்வா. அதற்காக யாரும் யாரோடும் பகை வளர்க்க வேண்டாம். நார்பர்டையும் வம்பில் இழுக்காதே. விட்டுவிடு.

அப்பா எப்படி இருக்கிறான்?

ஹில்யா

(உங்கள் அத்தைக்குக் கடிதங்கள் மிகவும் பிடித்திருக்கின்றன. தொடர்ந்து எழுதவும். - நர்ஸ்)


கிரேலிங் பே,
27 மார்ச்

அன்புள்ள அத்தைக்கும், படித்துக்காட்டும் நர்ஸ் அம்மாவுக்கும்,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் கைக்கு என்ன ஆனது? கை ஓய்வெடுத்தால் இடது பக்கம் ஏன் படுக்க வேண்டும்? யாராவது ஒருவர் பதில் எழுதவும்.

விட்டுவிடச் சொன்னீர்கள். விட்டுவிட்டேன், ஏரிக்குள்.

ஞாயிற்றுக்கிழமை கர்லிங் இறுதியாட்டம். சுரங்கத்தில் இறங்கியவர்கள் தவிர ஊரில் உயிருள்ள அத்தனை பேரும் கூடத்துக்குள் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்துக்கு அடுத்த மனையிலிருந்துதான் பட்டப்பகலில் வீட்டைக் கிளப்பினோம். கூரைமேல் குளிருக்காகப் போட்டிருந்த மண்ணை முந்தின வாரமே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டிருந்தேன். அடிமரம் தரையோடு உறைந்து கிடந்தது. அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றி, கடப்பாரையால் நெம்பி, ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரண்டு நீளமான மரங்களைச் சறுக்கலுக்காகக் கொடுத்தார்கள் நார்பர்ட் மாமாவும் அவருடைய அக்கா மகன்கள் இருவரும். கிளம்பும்போது வீடு ஒரு சத்தம் போட்டது பாருங்கள், வெகுநாள் கழித்துக் கட்டிலைவிட்டு எழுந்திருக்கும் ஆள் மாதிரி. அதே சமயம் கூடத்துக்குள் யாரோ ஜெயித்துவிட்டார்கள். அந்த ஆரவாரத்தில் எங்கள் சத்தம் அடங்கிவிட்டது.

மாமா டிராக்டரின் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏரியில் இறக்கினார். பனி விட்டுக்கொடுத்தால் குதிக்க வழி வேண்டும் அல்லவா. என்னை ஏறவிடவில்லை. பக்கத்தில் நடந்தே போனேன். ஏரியின் விரிகுடா நடுவில் நிறுத்தி, முதல் வேலையாக அடுப்பை மூட்டினேன்.

இனிமேல்தான் வேடிக்கை.

திங்கட்கிழமை காலை ஊர் கண் விழித்துப் பார்க்கிறது, ஏரி நடுவில் ஒரு வீடு! நான் திட்டு வாங்கத் தயாராக இரண்டு கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். யாரும் திட்டவில்லை. ஹோட்டல் வாசலில் வரிசை நிற்கிறது. என்னவென்று கேட்டால், இந்த வருஷப் பனிப் பந்தயத்துக்குச் சீட்டு விற்கிறார்களாம்!

வருஷாவருஷம் ஏரியில் ஒரு பழைய லாரியையோ எண்ணெய்ப் பீப்பாய்களையோ நிறுத்தி, அது என்றைக்கு எத்தனை மணிக்கு உள்ளே போகும் என்று சீட்டுக் கட்டுவார்களே, இந்த வருஷம் வீட்டையே நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். கர்லிங் சங்கம், ஊர்சபை ஏற்பாடு என்று நினைத்தது. ஊர்சபை, கர்லிங் சங்கத்தின் ஏற்பாடு என்று நினைத்தது. இரண்டும் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டன.

"பீப்பாயெல்லாம் பழசு. இதுல ஒரு கலை இருக்குய்யா" என்றார் தபால்காரர்.

புருடோம் தலைவருக்கு ஒரே சந்தோஷம். மனை காலியாகிவிட்டது, தீக்குச்சி செலவுகூட இல்லை. அவரும் சீட்டு வாங்கினார். பரிசு, மோட்டார் வைத்த படகு.

அப்பா மட்டும் காலி மனையில் போய் நின்றார். தரையில் டிராக்டர் தடம், பக்கத்தில் என் பூட்ஸ் தடம். இரண்டையும் பார்த்தார். என் காலைப் பார்த்தார். அப்புறம் நேரே சவுனா.

ஆக, உங்கள் வீட்டை எரிக்க நினைத்தவர் ஒருவர். அது மூழ்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள் முந்நூறு பேர். கொஞ்சம் முன்னேற்றம்தான்.

உங்கள்
ரித்வா


எட்மன்டன்,
9 ஏப்ரல்

அன்பு ரித்வாவுக்கு,

இது என் கையெழுத்துதான். கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை நர்ஸ் படித்தபோது தாழ்வாரமே சிரித்தது. நானும் சிரித்தேன், தையல் இழுத்தது. சிரித்து முடித்தபின் எனக்கு வெட்கமாகிவிட்டது. இனியும் உன்னிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

நவம்பரில் புருடோம் ஒரு வேலையாக இங்கே வந்தவர் ஆரஞ்சுப் பழங்களோடு என்னைப் பார்க்க வந்தார். வீட்டை என்ன செய்யலாம் என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பிடுங்கவில்லை. நான்தான் கொடுத்தேன். ரித்வாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். உன் அப்பாவுக்கு எழுதியதும் நான்தான். அவனை நீ திட்டிய ஒவ்வொரு திட்டும் எனக்குச் சேர வேண்டியது.

அப்போதே டாக்டர் சொல்லிவிட்டார், வலது நுரையீரலை எடுக்க வேண்டும் என்று. மார்ச்சில் எடுத்தார்கள். நீ இரண்டையும் தனித்தனியாக விசாரிக்கச் சொல்லியிருந்தாய். இப்போது ஒன்றுதான் பதில் சொல்லும்.

விறகு வெட்டக் கூடாது. தண்ணீர் சுமக்கக் கூடாது. அந்த வீட்டில் அவை இரண்டும்தான் வாழ்க்கை என்பது உனக்கே தெரியும். இங்கே ஓர் அம்மாள் வாடகைக்கு அறை தருகிறாள். ஜன்னல் இருக்கிறது. வெந்நீர்க் குழாய் இருக்கிறது. நான் திரும்பி வரப்போவதில்லை ரித்வா. எப்போது வருவேன் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். வரமாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை.

ஊர் விளையாடட்டும். வீடு ஏரிக்குள் போகட்டும். எரிவதைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. பனிமேல் நடக்காதே.

உன் அத்தை,
ஹில்யா


கிரேலிங் பே,
22 ஏப்ரல்

அத்தைக்கு,

உடம்பு எப்படி என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நலம்" என்று எழுதுவீர்கள்.

கடிதத்தை மூன்று நாள் மேஜைமேல் குப்புறப் போட்டு வைத்திருந்தேன். நான் புகைக்கு நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பு மூட்டுவேன், நீங்கள் அங்கே மணி கோத்துக்கொண்டு மணியான பொய் எழுதுவீர்கள். எனக்கு ஊரை ஏமாற்றுவது பழக்கம். ஏமாறுவது பழக்கமில்லை. நாலு வரி கெட்ட வார்த்தை எழுதியிருந்தேன். அம்மா பார்த்துவிட்டாள், அதனால் இது வேறு தாள்.

சரி. அழுகை முடிந்தது. இப்போது கணக்கைப் பார்ப்போம். வீட்டை நீங்கள் புருடோமுக்குக் கொடுத்தீர்கள். புருடோம் அதை நெருப்புக்குக் கொடுத்தார். நெருப்பிடமிருந்து நான் எடுத்தேன். ஜனவரியிலிருந்து அதில் வருகிற புகை என்னுடையது. யார் புகையோ அவர் வீடு. ஆகவே அத்தை, அது உங்கள் வீடே இல்லை. என் வீடு. அதை மூழ்கவிடலாமா, கூடாதா என்று நான் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. உங்கள் அபிப்பிராயத்துக்கு நன்றி.

விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பாறைமுனை இருக்கிறது. கம்பெனி எல்லைக்கு வெளியே. அங்கே இழுத்துக்கொண்டு போய் வைக்கப் போகிறேன். நார்பர்ட் மாமா முடியாது என்கிறார்.

"பனி உருகி ஊசி ஊசியா நிக்குது பாப்பா. டிராக்டர இறக்கினா நானும் பந்தயத்துல சேந்துடுவேன்."

ஊரும் முடியாது என்கிறது. ஹோட்டல் சமையல்காரர் என்னை நிறுத்தி, "வீட்டைத் தொட்டே, அவ்வளவுதான். என் சீட்டு மே பதினெட்டு!" என்றார். தபால்காரர் சீட்டு இருபத்தொன்று. பாதிரியார்கூட ஒரு சீட்டு வைத்திருக்கிறார், அவருக்கு யார் தேதி சொன்னார்களோ.

முடியாது என்பவர்கள் வரிசையில் நில்லுங்கள். நீங்கள் முதலில் நிற்கலாம், பெரியவர் என்பதால்.

இதுதான் சறுக்குக்கட்டை விமானத்தின் கடைசித் தபால். இனிமேல் அது பனியில் இறங்க முடியாது. மிதவை விமானம் தண்ணீரில் இறங்க ஏரி திறக்க வேண்டும். அதுவரை என்னிடமிருந்து ஒன்றும் வராது. நீங்களும் கொஞ்சம் காத்திருந்து பாருங்கள்.

ரித்வா


எட்மன்டன்,
6 மே

அன்பு ரித்வா,

நீ கோபப்பட்டது நியாயம். கோபத்தோடாவது நலமாக இரு.

பனிமேல் நடக்கிறாயா? எவ்வளவு தூரம் நடக்கிறாய்? கரையோரம் தண்ணீர் விட்டிருந்தால் பலகை போட்டுத்தான் போக வேண்டும், கையில் நீளக் கம்பு வேண்டும். அப்பாவுக்குத் தெரியுமா? நார்பர்ட் முடியாது என்றால் முடியாதுதான். அவன் பயந்து சொல்கிறவன் அல்ல.

அறை வாடகைக்குத் தரும் அம்மாளைப் போய்ப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அவள் காபியும் இந்த ஆஸ்பத்திரிக் காபிக்குத் தங்கை.

தபால் போகாது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

ஹில்யா


எட்மன்டன்,
20 மே

ரித்வா,

ஒரு வரி போதும். ஈரமானாயா, இல்லையா?

அத்தை


கிரேலிங் பே,
4 ஜூன்

அன்புள்ள அத்தைக்கு,

ஈரமானேன். இடுப்பு வரைக்கும். ஒரு தும்மலோடு போயிற்று. இன்று காலை மிதவை விமானம் இறங்கியது, உங்கள் இரண்டு கடிதமும் ஒரே பையில் வந்தன. இப்படிக் கேள்வியாகக் கேட்பது நீங்கள்தானா என்று கையெழுத்தைத் திரும்பப் பார்த்தேன். எல்லோரும் சுகம். உங்கள் ஒற்றைக்குச் சிறப்பு விசாரிப்பு.

மே மாதம் ஒரு மாலை நான் வீட்டுக்குள் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே அப்பா குரல்.

"வெளிய வா."

"வரமாட்டேன்."

"வெளிய வான்னா. கயிறு கட்டணும், நீ நடுவுல நிக்கற."

எட்டிப் பார்த்தால் தீயணைப்புப் படை மொத்தமும் நிற்கிறது. ஏணி, பலகை, கயிறு. எல்லோரும் கால்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பனிமேல் வாத்துக்கூட்டம் மாதிரி.

"அப்பா, அத்தை எல்லாம் எழுதிட்டாங்க. உங்களைத் திட்டினதுக்கு..."

"அதெல்லாம் அப்புறம். கொளுத்தச் சொன்னாங்க, சரின்னேன். மூழ்கடிக்க யாரும் சொல்லல. அந்தக் கயித்தப் புடி."

நார்பர்ட் மாமா முடியாது என்றது டிராக்டரைப் பனியில் இறக்கத்தான். அப்பா இறக்க வேண்டாம் என்றார். மாமா கரையோரமாகவே சுற்றிப் பாறைமுனைக்கு டிராக்டரைக் கொண்டுபோனார். சுரங்கத்தில் கழித்துப் போட்டிருந்த பாரந்தூக்கியின் கம்பிவடம் ஒன்றைப் படையினர் முனையிலிருந்து வீடு வரை இழுத்துக் கட்டினார்கள். மறுநாள் காலை, மேல்பனி இறுகியிருந்த நேரமாகப் பார்த்து, பாறைமேல் நின்றபடியே டிராக்டர் வடத்தைச் சுருட்டி இழுக்க ஆரம்பித்தது.

ஊர் முழுக்கக் கரையில். காபி, ரொட்டி, குழந்தைகள், சீட்டுகள்.

"மெதுவா இழு நார்பர்ட்டு! இன்னும் பத்து நாள் இருக்கு எனக்கு!"

"இழுக்காதேய்யா! பந்தயத்தைக் கெடுக்கிறான் பார்!"

வீடு நகர்ந்தது. படையினர் முன்னால் பலகை போட, பின்னால் எடுக்க, மறுபடி முன்னால் போட. முனைக்கு ஒரு கல்லெறி தூரம் இருக்கும்போது பனி துப்பாக்கி மாதிரி வெடித்தது. ஒரு மூலை உள்ளே போனது. வாசல் ஓரம் நின்றிருந்த நானும் போனேன். அப்பா என்னைச் சட்டைக்காலரில் பிடித்துத் தூக்கி, பூனைக்குட்டி மாதிரி ஒரு ஏணிமேல் வைத்துவிட்டு, அடுத்த ஏணியை வீட்டுக்கு அடியில் செருகப் போய்விட்டார்.

அப்போது கரையில் ஒரு கத்தல். "மூழ்கிடுச்சு! மூழ்கிடுச்சு!" புருடோம் தலைவர். ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் சீட்டு. அன்றைய தேதி, அந்த மணி, அவருடையது!

"எங்க மூழ்குச்சு? ஒரு மூலைதான் நனைஞ்சுது" என்றார் சமையல்காரர். "நனைஞ்சாலே மூழ்கினதுன்னா நான் குளிக்கும்போதெல்லாம் மூழ்கறேன்."

"நீ எங்க குளிக்கற?" என்றார் தபால்காரர்.

"விதி என்ன சொல்லுது?" தலைவர் விடவில்லை. "பனி உடைஞ்சு உள்ள இறங்கிட்டா மூழ்கினதுதான். நான் ஊர்சபைத் தலைவர், நான் சொல்றேன்!"

அப்பா நனைந்த கையுறையோடு கரைக்கு நடந்து வந்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை.

"தலைவரே, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. வீடு மூழ்கிடுச்சா?"

"மூழ்கிடுச்சு!"

"கொஞ்சமா, முழுசா?"

"முழுசா!"

"அப்ப ஊர்சபைக்கு இனி அந்த வீடு கிடையாது."

"கிடையாது, கிடையாது! ஏரிக்கு அடியில கிடக்கு! படகை எடுத்துட்டு வாங்கப்பா!"

சமையல்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. உட்கார்ந்து சிரித்தார். பிறகு தபால்காரர். பிறகு கரையெல்லாம். தலைவர் படகைத் தடவிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால், ஏரிக்கு அடியில் கிடக்கும் வீடு தண்ணீர் சொட்டச் சொட்டப் பாறைமேல் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்குப் புரிந்தபோது படகைத் திருப்பிக் கொடுத்தால்தான் வீட்டைத் திரும்பக் கேட்க முடியும் என்ற நிலை. படகு நல்ல படகு. வைத்துக்கொண்டார்.

தொல்லை இரண்டு. ஒன்று, ஏறின வேகத்தில் வீடு திரும்பிவிட்டது. வாசல் வடக்கே பார்த்து நிற்கிறது. ரம்பத்தால் வேறு சுவரில் வாசல் வெட்டலாம் என்கிறார் அப்பா. இரண்டு, எனக்கு ஒரு வீடு இருக்கிறது, குடியிருக்க ஆள் இல்லை. தண்ணீர் வாசலிலேயே இருக்கிறது. விறகு நான் வெட்டுவேன், அப்பாவும் வெட்டுவார், வெட்டும்போது அவர் பேசாமல் இருக்கலாம் அல்லவா. யாராவது ஆள் தெரிந்தால் சொல்லி அனுப்புங்கள்.

ரித்வா


எட்மன்டன்,
13 ஜூன்

ரித்வா அவர்களுக்கு,

நலம். நலம் என்று எழுதுகிறேன், இம்முறை உண்மைதான்.

வடக்கே பார்த்த வாசலா? இத்தனை பெரிய ஆண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வீட்டை வடக்கே பார்க்க வைத்தார்களா? ஜனவரியில் வடகாற்று குவிக்கும் பனியில் கதவைத் திறக்கவே முடியாது. உள்ளே இருப்பவள் கோடை வரை உள்ளேயே இருக்க வேண்டியதுதான். உன் அப்பா கையில் ரம்பத்தைக் கொடுக்காதே. அவன் நேராக வெட்டிய மரம் எதுவும் இதுவரை நான் பார்த்ததில்லை. கிழக்குச் சுவரில் நடுவே ஒரு மரம் உள்ளுக்குள் சொத்தை. அங்கே வெட்டினால் சுவரே உட்காரும். தெற்குச் சுவரில், ஜன்னலுக்கு இடப்புறம்தான் வாசல் வர வேண்டும். பழைய வாசலை இப்போதே பாசி வைத்து அடைக்க வேண்டும், செய்தித்தாள் வைத்து அல்ல. கூரைக்கு மண் ஏற்றிவிட்டீர்களா? ஏற்றாவிட்டால் மரப்பட்டை விரித்த பிறகு ஏற்றச் சொல். அடுப்பு நனைந்ததா? நனைந்திருந்தால் துருப்பிடிக்கும் முன் எண்ணெய் தடவு. இதையெல்லாம் யாரும் உன்னிடம் சொல்லவில்லையா?

டாக்டரிடம் கேட்டேன். விறகு வெட்டக் கூடாது, தண்ணீர் சுமக்கக் கூடாது, குனிந்து எதையும் தூக்கக் கூடாது. பேசலாமா என்றேன். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்றார். ஒரு வீட்டை நடத்த எனக்கு அது போதும்.

ஆள் தேடுவதாக எழுதியிருந்தாய். ஆள் இருக்கிறாள். ஒற்றை நுரையீரல், கெட்ட வாய், ரொட்டி நன்றாகச் சுடுவாள். வாடகை என்ன என்று எழுது, பேரம் பேசுவாள். ஜூலையில் வரும் விமானம் ஒன்றில் இடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

நான் வந்து, நின்று, கை வைத்துக் காட்டும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். அதுவரை ஜன்னல் வழியாக ஏறிப் போங்கள்.

உன் குடித்தனக்காரி,
ஹில்யா